எட்டரை மணிக்கு முன் என்ன சாப்பிடுவது?

(கற்பிட்டிக் கரையோரக் கிராமமொன்றில் பெற்றோருக்கும் பரீட்சை எழுதும் மாணவருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு, "நீண்ட பரீட்சைக்கு முன் உண்ண வேண்டியவை". தலைப்பைப் பார்த்தால் பெரிய விஷயம் போலத் தெரிகிறது. என்னிடம் வந்து கேட்டவர்களின் கேள்வி அதைவிடச் சின்னது: "சேர், பிள்ளைக்கு அண்டைக்கு விடிய என்ன குடுக்கிறது?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசர வேலை உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போகலாம். பிள்ளை வழக்கமாக விடியச் சாப்பிடுவதையே குடுங்கள். கொஞ்சம் குறைவாக, கொஞ்சம் முந்திக் குடுங்கள். "எங்கட பிள்ளை விடிய ஒண்டும் சாப்பிடுறதில்லையே" என்றால், பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே பழக்கத் தொடங்குங்கள். இனி நான் பேசப் போவதெல்லாம் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு, அந்த "முந்தி" எத்தனை மணி என்பதைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வைத்தியர் இல்லை, உயிரியல் படிப்பித்தவன். நீரிழிவு, வலிப்பு, இரைப்பைப் புண் என்று மருந்து எடுக்கும் பிள்ளை இருந்தால் என் பேச்சை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். கிளினிக்கில் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம். உயர்தரத்தில் இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம், அதற்கு மேல் வாசிப்பதற்கு 10 நிமிடம். இணைந்த கணிதம் எடுப்பவர்களுக்கு இரண்டு வினாத்தாளும் மும்மூன்று மணித்தியாலம். உயிரியலின் முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். பரீட்சை காலை 8.30க்குத் தொடங்குகிறது. பிள்ளை 8 மணிக்கே மண்டப வாசலில் நிற்க வேண்டும். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். நுரைச்சோலையிலிருந்தோ ஆலங்குடாவிலிருந்தோ புறப்படும் பிள்ளைக்கு பஸ் எத்தனை மணிக்கு வரும், வந்தாலும் ஏற இடம் இருக்குமா என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆக, வீட்டை விட்டு இறங்கும் நேரம் ஆறரை, ஏழு. சாப்பாடு ஆறு மணிக்கு. 3 மணித்தியாலம் 10 நிமிட வினாத்தாள் முடியும்போது மணி 11.40. ஆறு மணிக்குச் சாப்பிட்டது ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். நம் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இனி மூளைக்கு வருவோம். உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு அதற்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். அதாவது மணிக்கு 5 கிராம். வினாத்தாள் முழுவதற்கும் 16 கிராம் என்று வையுங்கள். ஒரு துண்டுப் பாணில் உள்ள மாச்சத்தே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்! "கஷ்டமான கணக்கு என்றால் கூடச் செலவாகாதா?" என்று கேட்பீர்கள். மிகச் சொற்பமே கூடும். மூளை என்பது நங்கூரம் போட்டு நிற்கும்போதும் அணைக்காமல் விட்ட வள்ளத்து எஞ்சின். தூங்கும்போதும் அது குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே "பிள்ளை இண்டைக்கு மூளையைப் பாவிக்கப் போகுது" என்று சொல்லி இன்னொரு பிட்டுக் குழலைத் தட்டில் கொட்டுவதில் பயனில்லை. கூடப் போட்டது வயிற்றைத்தான் நிரப்பும். நிரம்பிய வயிறு பத்து மணிக்குக் கண்ணைச் சொருக வைக்கும்.

அப்படியென்றால் சாப்பிடாமலே போகலாமா? ஒரு இரவு பட்டினியால் ஆரோக்கியமான பிள்ளையின் மூளைக்குக் குளுக்கோஸ் தீர்ந்துபோகாது. ஈரல் தன்னிடம் சேமித்து வைத்ததை விடும்; அது குறைந்தால் புதிதாக ஆக்கியும் விடும். பசிக்கும் பிள்ளைக்குக் கெடுவது கவனம். வினாவை இரண்டாம் முறை வாசிக்கப் பொறுமை இருக்காது. "பிழையானது எது" என்று கேட்ட வினாவுக்குச் சரியானதைக் கீறிவிட்டு வரும். 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், 9 முதல் 16 வயது வரையான 29 பிள்ளைகளுக்கு இரண்டு நாள் தானிய உணவும், ஒரு நாள் குளுக்கோஸ் கரைத்த பானமும், ஒரு நாள் ஒன்றுமில்லாமலும் விட்டுக் காலை முழுதும் கவனத்தையும் ஞாபகத்தையும் அளந்தார்கள். நேரம் போகப் போக எல்லோருக்கும் இறங்கத்தான் செய்தது. தானிய உணவு சாப்பிட்ட நாட்களில் அந்த இறக்கம் குறைவு. குளுக்கோஸ் குடித்த நாள், ஒன்றும் சாப்பிடாத நாளைவிட மேலாக இருக்கவில்லை. 29 பேர் என்பது சிறிய தொகை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பரீட்சையன்று விடிய குளுக்கோஸ் பெட்டியோடு பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிற நம் பழக்கத்தைப் பற்றி யோசிக்க அது போதும்.

ஜமேக்காவில் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். 1998 இல் வெளியான ஆய்வு. கிராமத்துப் பாடசாலைகளில் 814 பிள்ளைகள், அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பாடசாலை ஆண்டு முழுக்கக் காலைச் சாப்பாடு. வரவு கொஞ்சம் கூடியது, உயரமும் எடையும் கொஞ்சம் கூடின, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு முன்னேறியது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடச் சாப்பாட்டுக்கே பலன் இவ்வளவுதான் என்றால், ஒரே ஒரு நாள் விடியற்காலைச் சாப்பாட்டில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சரி, தட்டில் என்ன வைப்பது? இந்தக் கரையில் அதற்குக் குறைவே இல்லை. சிவப்பரிசி மா இடியப்பம் நாலைந்து, பருப்பு, ஒரு அவித்த முட்டை. அல்லது குரக்கன் பிட்டும் வாழைப்பழமும். அல்லது அவித்த பாசிப்பயறும் தேங்காய்ப்பூவும். பயறுதான் என் முதல் தெரிவு. மலிவு, மெதுவாக இறங்கும், நீண்ட நேரம் பசியை அண்டவிடாது. பாண்தான் வசதி என்றால் பாண் குடுங்கள், ஆனால் அதற்குப் பக்கத்தில் பருப்போ முட்டையோ இருக்கட்டும். சீனிச் சம்பல் மட்டும் வைத்த பாண் பத்து மணிக்குள் கைவிட்டுவிடும். நம் வீடுகளில் நல்ல காரியத்துக்குப் பாற்சோறு செய்கிறோம், பரீட்சையும் நல்ல காரியந்தானே என்று அதையும் செய்கிறோம். ஒரு துண்டு குடுத்து ஆசீர்வதியுங்கள், வயிறு நிறையக் குடுக்க வேண்டாம். சோறு, இடியப்பம் போன்றவை இரைப்பையை விட்டு இறங்க இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் எடுக்கும். கெட்டித் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் இழுபடும்.

முட்டை என்றதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு. தெரியும். "பரீட்சையண்டு முட்டை தின்டா முட்டைதான் வரும்." சீனாவில் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையன்று சில வீடுகளில் நீளமான பொரித்த மாக்குச்சி ஒன்றையும் முட்டை இரண்டையும் தட்டில் அடுக்கிக் குடுப்பார்களாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நூறு! கொரியாவில் அன்றைக்குக் கடற்பாசிச் சூப் வைக்க மாட்டார்கள், வழுக்கும் என்று. ஒட்டும் இனிப்புக் குடுப்பார்கள், பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முட்டையில் புரதம் இருக்கிறது, விலையும் மீனைவிடக் கட்டுப்படியாகும். தாராளமாகக் குடுங்கள். பழிச்சொல் பயமென்றால் இரண்டாக வெட்டிக் குடுங்கள்.

பயத்தைச் சொன்னேன். இதுதான் உண்மையில் உம்மாமார் படும் பாடு. சாப்பாடு ஆயத்தமாக இருக்கும். பிள்ளையின் தொண்டையில் இறங்காது. வாயில் வைத்தால் குமட்டும். பதற்றத்தில் இரைப்பையின் வேலை மந்தமாகிறது, பிள்ளை நடிக்கவில்லை. அந்த நேரத்தில் "தின்னு, தின்னு" என்று தலைமாட்டில் நிற்காதீர்கள். இலைக்கஞ்சி ஒரு கோப்பை, அல்லது மெல்லிய அரிசிக்கஞ்சியில் கொஞ்சம் பயறு போட்டு ஒரு கோப்பை. குடிக்கக்கூடியது மெல்ல வேண்டியதைவிட எளிதில் இறங்கும். அதுவும் முடியாதென்றால் ஒரு வாழைப்பழமும் நாலு மிடறு தண்ணீரும் போதும், பிள்ளையைப் போக விடுங்கள். பையில் இன்னொரு வாழைப்பழம் இருக்கட்டும். மண்டபத்துக்கு வெளியே நின்று, பதற்றம் கொஞ்சம் இறங்கிய பின் தின்னும்.

இதற்காகத்தான் இரண்டு கிழமைக்கு முன்பே பழக்கச் சொன்னேன். பிரத்தியேக வகுப்புகளில் மாதிரி வினாத்தாள் வைக்கிறார்கள்தானே, அந்த நாட்களில் சாப்பாட்டுக்கும் ஒரு மாதிரி வையுங்கள். நேரத்தோடு எழுப்பி, ஆறு மணிக்கு அன்றைக்குக் குடுக்க நினைப்பதையே குடுத்து, எட்டரையிலிருந்து பதினொன்று நாற்பது வரை எழுந்திருக்காமல் எழுத விடுங்கள். எப்போது பசிக்கிறது, எப்போது தூக்கம் வருகிறது, எப்போது வெளியே போக வேண்டி வருகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் குடல் அசைவது இயற்கை. அது வீட்டில் ஆறரைக்கு நடந்துவிட்டால் மண்டபத்தில் ஒன்பதரைக்கு நடக்காது. மேடையில் பேசக் கூச்சமான விஷயந்தான், ஆனால் பல பிள்ளைகளின் மூன்றாம் வினாவைத் தின்றது இதுதான்.

இனி முதல் நாள் இரவு. கடற்கரை மக்களாகிய நாம் அதிகம் கவனிக்க வேண்டியது விடியச் சாப்பாட்டைவிட இரவுச் சாப்பாட்டை. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு, 2024 இலும் 2025 இலும் உயர்தரப் பரீட்சை நடந்த நவம்பர் மாதத்தில், இங்கே மீன் வரத்து நல்லது. உடப்பில் கரைவலை இழுபடும், கற்பிட்டி வாடிகளில் வள்ளங்கள் நிறையும். பிள்ளைக்கு மீன் குடுங்கள், சாளையைப் போல் நல்ல மீன் வேறில்லை. ஆனால் சூரை, கும்பளா, சாளை போன்ற கறுப்புச் சதை மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணித்தியாலம் வெயிலில் கிடந்தால், அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். மீன் பார்க்க நல்லாயிருக்கும், மணமும் மாறியிருக்காது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பொரித்தாலும் அழியாது. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், சொறியும், சிலருக்கு வயிற்றோட்டமும் வரும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்லும் பல சம்பவங்கள் இதுதான். பரீட்சைக் கிழமையில் மீன் எப்போது பிடிபட்டது, ஐஸ் பெட்டியில் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கேட்க முடியாவிட்டால் அன்றைக்குப் பருப்போடு நிறுத்துங்கள். கருவாட்டையும் அன்று இரவு தள்ளி வையுங்கள். உப்பு இரவெல்லாம் தாகம் எடுக்க வைக்கும், தண்ணீர் குடித்துக் குடித்து இரண்டு முறை எழும்ப வேண்டி வரும். இறாலும் நண்டும் முதன்முதலாகச் சாப்பிட்டுப் பார்க்கும் நாள் அது இல்லை. கடையில் கொத்து வாங்கிக் கொண்டாடும் நாளும் இல்லை. கொண்டாட்டத்தை முடிந்த அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லாரையைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். ஞாபகசக்திக்கு வல்லாரை என்று நம் பாட்டிமார் சொன்னார்கள், நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன். நல்ல கீரை. ஆனால் ஒரு நாள் சம்பலால் படித்தது ஒன்றும் திரும்பி வராது. பச்சையாகச் சாப்பிடும் கீரை, அதைக் கழுவிய தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் சுத்தம். மழைக்காலம், கிணறு கலங்கியிருக்கும் காலம். ஞாபகத்துக்கென்று சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பரீட்சைக் கிழமையில் வல்லாரையை வறையாகச் செய்யுங்கள், அல்லது கஞ்சியில் போட்டுக் கொதிக்க விடுங்கள்.

மூளைக்கு உண்மையிலேயே வேண்டியதைத் தருவதில் புத்தளத்துக்கு ஒரு பெருமை உண்டு, அதை நாமே பேசுவதில்லை. நம் உப்பளங்களைச் சொல்கிறேன். 1995 இலிருந்து இந்த நாட்டில் சாப்பாட்டு உப்பு அயடீன் சேர்த்துத்தான் விற்கப்பட வேண்டும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அயடீன் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அதேபோல இரும்புச்சத்து. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை களைத்துப் போகும், கவனம் நிற்காது, நாம் அதைச் சோம்பேறி என்போம். சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே தேநீர் குடிக்கும் நம் பழக்கம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். இதெல்லாம் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. முதல் நாள் இரவு தொடங்கிப் பலன் இல்லை.

தேநீர் என்றதால் அதையும் முடித்துவிடுகிறேன். நாளுக்கு ஐந்தாறு பிளேன்டீ குடித்துக்கொண்டு இரவிரவாகப் படித்த பிள்ளை, பரீட்சையன்று திடீரென்று தேநீரை விட்டால் தலையிடி வரும். கடைசியாகக் குடித்து அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் அது தொடங்கும். வழக்கமாக விடிய ஒரு கோப்பை குடிக்கும் பிள்ளைக்கு அன்றைக்கும் ஒரு கோப்பை குடுங்கள். குடிக்காத பிள்ளைக்குப் புதிதாகக் கோப்பி ஊற்றிக் குடுக்காதீர்கள், கை நடுங்கும். சக்திப் பானம் என்று டின்னில் வருகிறதே, அதில் சீனியும் கஃபீனும் தவிர உங்களுக்கு வேண்டியது ஒன்றுமில்லை. 2016 இலிருந்து நம் நாட்டில் பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக்குறி போடுகிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் அலுமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் வேறு கதை. இந்தத் தீபகற்பத்து மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, அதற்குக் கீழே உப்பு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளையின் நைத்திரேற்று நேரே அதற்குள் இறங்குகிறது. பல கிணறுகள் கரிக்கின்றன, சுத்திகரித்த தண்ணீரைக் காசு குடுத்துக் கானில் வாங்குகிறோம். காசு குடுத்து வாங்கும் தண்ணீரை எவரும் தாராளமாகக் குடிப்பதில்லை. அதற்கு மேல் இன்னொரு காரணம். பெண் பிள்ளைகள் பலர் பாடசாலை மலசலகூடத்துக்குப் பயந்து விடியலிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. சொல்லவும் மாட்டார்கள். கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலே தலை பாரமாகும், கவனம் சிதறும். அதிபர்கள் இங்கே இருப்பதால் நேரே கேட்கிறேன்: பரீட்சை நிலையமாகும் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீரும், உள்ளே பூட்டக்கூடிய கதவும் இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். நான் சொல்லும் எந்தச் சாப்பாட்டையும்விட அது கூட உதவும். பிள்ளைகளுக்கு: எழும்பியதும் ஒரு கிளாஸ், சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், பிறகு மண்டபத்தில் சிறு சிறு மிடறாக. ஏழரைக்கு ஒரேயடியாக ஒரு போத்தலைக் கவிழ்க்க வேண்டாம்.

2024 நவம்பர் 25 இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை வெள்ளத்தால் இரண்டே நாளில் நின்று, டிசம்பர் 4 இல் மறுபடி தொடங்கியது. அடுத்த வருடம் டித்வா புயல் வந்து மீதிப் பாடங்களை 2026 ஜனவரிக்குத் தள்ளியது. பரீட்சையும் வெள்ளமும் நமக்குச் சேர்ந்தே வருவதென்றாகிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், குளோரின் போட்டாலும் சரி. வீட்டில் ஜீவனி பக்கற் இரண்டு இருக்கட்டும். முதல் நாள் இரவு வயிற்றோட்டம் வந்த பிள்ளை, நேரத்துக்கு ஜீவனி குடித்தால் காலையில் மண்டபத்துக்குப் போகக்கூடும்.

இனி நோன்பு. 2025 இல் சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17 இலிருந்து 26 வரை நடந்தது. முழுக்க முழுக்க ரமழானுக்குள். இந்தக் கரையில் எத்தனையோ பிள்ளைகள் நோன்போடு எழுதினார்கள். நோன்பை விடலாமா, விடக்கூடாதா என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நோன்பு வைத்துக்கொண்டு எழுதும் பிள்ளைக்கு உடலைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குத் தகுதி.

ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் பேசவில்லை. நெதர்லாந்துப் பல்கலைக்கழக மாணவரைப் பார்த்த 2013 ஆம் ஆண்டு ஆய்வில், பாடநெறிக்குள் ரமழான் கிழமைகள் கூடக் கூட முஸ்லிம் மாணவரின் புள்ளி கொஞ்சம் இறங்கியது. பிறகு ஜேர்மன் பொருளியலாளர்கள் பல நாட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சர்வதேசக் கணித, விஞ்ஞானப் பரீட்சைகளைப் பார்த்தார்கள். நோன்பு நேரம் நீண்ட காலங்களில், முஸ்லிம் நாடுகளில் பெறுபேறு உயர்ந்திருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதியது ரமழான் முடிந்த பிறகு. எனக்குப் படுவது இது: ஊரே தூங்கி ஊரே விழிக்கும் இடத்தில் நோன்பு வைப்பதும், ஊர் வேறு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க நோன்பு வைப்பதும் ஒன்றல்ல. புத்தளம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீடு ரமழான் நேரத்தில் ஓடுகிறது, பரீட்சைத் திணைக்களம் எட்டரை மணிக்கு ஓடுகிறது.

மார்ச் மாதம் நமக்கு நோன்புக்கு முந்திய சாப்பாடான சஹர் முடிவது ஐந்து மணியளவில். எட்டரைக்கு மூன்றரை மணித்தியாலந்தான் இடைவெளி. கவனித்தீர்களா, நோன்பில்லாத பிள்ளை ஆறு மணிக்குச் சாப்பிடுகிறது, நோன்புப் பிள்ளை நாலே முக்காலுக்கு. வித்தியாசம் ஒன்றேகால் மணித்தியாலம். சஹரைப் பிந்தி உண்பது சுன்னத் என்று மார்க்கமே சொல்கிறது, உடலின் கணக்கும் அதையேதான் சொல்கிறது. தவறு எங்கே நடக்கிறதென்றால், பதினொரு மணிக்கு ஒரு பெரிய சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, "சஹருக்கு எழும்ப ஏலாது, நிய்யத்து வச்சிட்டேன்" என்று படுத்துவிடும் பிள்ளையிடம். அந்தப் பிள்ளை எட்டரைக்கு மண்டபத்தில் இருக்கும்போது சாப்பிட்டு ஒன்பதரை மணித்தியாலம் ஆகியிருக்கும், தண்ணீர் குடித்தும் அவ்வளவு நேரம். பரீட்சை நாட்களில் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து அந்தப் பிள்ளையை எழுப்பியே ஆக வேண்டும்.

சஹருக்குச் சோறு நல்லது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன் ஆணம், கொஞ்சம் கீரை, ஒரு பழம், பேரீச்சம்பழம் இரண்டு. கருவாடு, ஊறுகாய், மாசிச் சம்பல் மூன்றையும் இரவு கஞ்சியோடு முடித்துவிடுங்கள். தண்ணீரை நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை பரவலாகக் குடியுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் குடிக்கும் ஒரு போத்தல் பெரும்பாலும் சலமாகத்தான் போய்விடும். நோன்பு திறக்கும்போது பெட்டிஸ், ரோல்ஸ், கட்லட், சர்பத் என்று ஒரே இருப்பில் ஏற்றினால் தராவீஹுக்கும் படிப்புக்கும் இடையில் பிள்ளை சுருண்டுவிடும். கஞ்சியும் பழமும் முதலில், சாப்பாடு பிறகு. தேநீரை ரமழானுக்கு முந்திய கிழமையிலிருந்தே கோப்பை கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வந்தால், முதல் நோன்புகளில் வரும் தலையிடியில் பாதி வராது.

சாப்பாட்டைவிட எனக்குக் கவலை தருவது நித்திரை. தராவீஹ் முடிந்து பன்னிரண்டு மணி வரை படித்து, நாலேகாலுக்கு எழும்பினால் நாலு மணித்தியாலம். எந்தச் சஹரும் அதை ஈடுசெய்யாது. பத்தரைக்குப் படுக்க வையுங்கள். சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் படிக்கலாம், பரீட்சை முடிந்து வந்து பிற்பகலில் கொஞ்சம் உறங்கலாம். பிற்பகலிலும் வினாத்தாள் உள்ள நாள்தான் கடினமான நாள். இடைவேளையில் வெயிலில் நின்று விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்காமல், நிழலில், முடிந்தால் பள்ளிவாசலுக்குள், முகம் கழுவிச் சாய்ந்திருக்கட்டும். மயக்கம் வருவது போலிருந்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அதில் வெட்கமில்லை என்று இப்போதே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

இதுவரை சாப்பாடு இருக்கிற வீடுகளைப் பற்றிப் பேசினேன். இனி அது இல்லாத வீடுகள். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. ஒரு வருடத்துக்கு முன்பு நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாடு கிட்டத்தட்ட இருநூறு ரூபா. அந்த வருடம் மே மாதம் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் பிளேன்டீயோடு போனார்கள் என்று அவர்களைப் படிப்பித்தவர்களுக்குத் தெரியும். பணவீக்கம் பிறகு இறங்கியது, விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாத வீடுகள் இன்னமும் இங்கே இருக்கின்றன. "முட்டை குடுங்கள், பழம் குடுங்கள்" என்று மேடையில் நின்று சொல்வது அந்த வீட்டுத் தாய்க்குக் குத்தலாகத்தான் கேட்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோளை வைத்துவிட்டு இறங்குகிறேன். ஒவ்வொரு பரீட்சை நிலையத்துக்கும் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ இருக்கிறது. பரீட்சை நாட்களில் காலை ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை அங்கே ஒரு சாப்பாடு வைப்போம். வரும் பிள்ளையிடம் பெயர் கேட்காமல், வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காமல் குடுப்போம். இருக்கிற வீட்டுப் பிள்ளையும் வந்து சாப்பிட்டால்தான் இல்லாத வீட்டுப் பிள்ளை கூச்சமில்லாமல் வரும். அதனால் உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். ரமழானில் பரீட்சை வந்தால் அதே ஏற்பாட்டைச் சஹருக்கு மாற்றி வீடுகளுக்கு அனுப்பலாம். அவித்த பயறு, தேங்காய்ப்பூ, ஒரு வாழைப்பழம், கொதித்தாறிய தண்ணீர். நூறு பிள்ளைக்கு ஐந்து, ஆறு கிலோ பயறு போதும். இரவு பத்து மணிக்கு ஊறப்போட்டால் விடிய நாலரைக்கு அடுப்பில் ஏற்றலாம். தேங்காய்க்கு இந்த மாவட்டத்தில் நாம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பயறுக்குப் பொறுப்பெடுப்பவர்கள், பானை தருபவர்கள், நாலரைக்கு எழும்பக்கூடியவர்கள், மூன்று வகையினரும் கூட்டம் முடிந்ததும் இடப்பக்க மேசைக்கு வாருங்கள். கொப்பி அங்கே இருக்கிறது.